மேம்படுத்திவிட்டார்களாம்!

"இணையதளம் மேம்படுத்தப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். மேம்படுத்தியிருந்தால் சிரமம் எதற்கு? சிரமம் வந்திருந்தால் மேம்பட்டது எது? நிலப் பதிவேடு பார்க்கும் தளம், மனை வரைபடம் காட்டும் தளம், வரி கட்டும் தளம் என்று எதைத் திறந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிவிப்பு வருகிறது. மறுநாள் கவுண்டருக்குப் போனால், "ஐயா, புது வெர்ஷன் போட்டிருக்காங்க, உங்க நம்பர் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் போனாலும் அதே பதில்தான். இந்தப் பதிலை நாம் பொறுத்துக்கொண்டே போகிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

முதலில் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'மீஸ் அ ழூர்' என்பார்கள். 'இன்றைய நாளுக்குக் கொண்டுவருதல்' என்று பொருள். உயர்வு என்றும் இல்லை, தாழ்வு என்றும் இல்லை. நேற்று வரை எழுதியிருந்த கணக்கை இன்று வரை எழுதி முடித்தேன், அவ்வளவுதான். நம் அலுவலகங்களில் வழங்கும் 'அப்கிரேட்' அப்படியல்ல. படியேற்றம் என்கிறது. தமிழிலும் 'மேம்பாடு' என்று போட்டுவிட்டோம். வேலை நன்றாக நடந்ததா என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே, நன்றாக நடந்தது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் எழுதப்பட்டுவிட்டது. குறை சொல்பவன் முன்னேற்றத்துக்கு எதிரி ஆகிவிடுகிறான், அதிலும் எழுபது தாண்டியவன் சொன்னால் கேட்கவே வேண்டாம்: "பெரியவருக்குக் கம்ப்யூட்டர் புரியலை" என்று முடித்துவிடுவார்கள்.

புரியவில்லையா என்று பார்ப்போம். நான் எஞ்சினியர் அல்ல, எழுத்தர். ஆனால் ஓர் இணைய வரைபடம் எப்படி நிற்கிறது என்பது பழைய அலுவலகக்காரனுக்கு எளிதில் விளங்கும். கீழே ஆவண அறை இருக்கிறது, அதுதான் டேட்டாபேஸ். பல இடங்களில் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இலவச மென்பொருள். நிலத்தின் வடிவத்தையும் எல்லையையும் அதில் வைத்துக் கணக்கிட போஸ்ட்ஜிஐஎஸ் என்ற ஒட்டு மென்பொருள் உண்டு. நடுவில் வரைவாளர் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் மேப் சர்வர். ஜியோசர்வர், மேப்சர்வர் என்று அதில் சில வகை உண்டு. கேட்ட மனையை ஆவண அறையிலிருந்து எடுத்துப் படமாக வரைந்து கொடுப்பது அவர் வேலை. முன்னால் கவுண்டர். நாம் பிரவுசரில் பார்க்கும் பக்கம் அது. ஓபன்லேயர்ஸ், லீஃப்லெட் போன்ற நிரல்கள் அங்கே வேலை செய்கின்றன. இந்த மூன்று பேருக்கும் அடியில் தரையாக ஆபரேட்டிங் சிஸ்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண், தனித்தனி வயது. ஒருவரை மாற்றினால் மற்றவர் பேசும் மொழி அவருக்குப் புரிய வேண்டும். இதில் எது புரியவில்லை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்" என்று பத்து வருடம் தொடாமல் வைத்திருக்கும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் குற்றம்தான். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் குழு ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றையும் 5 ஆண்டுகள் பராமரிக்கிறது, பிறகு கைவிடுகிறது. 10-ஆம் பதிப்பின் ஆயுள் 2022 நவம்பரில் முடிந்தது, 12-ஆம் பதிப்பின் ஆயுள் 2024 நவம்பரில். இந்தத் தேதிகள் பல ஆண்டுகள் முன்பே அறிவிக்கப்பட்டவை, தேர்வு அட்டவணை போல. அதற்குப் பிறகும் அதே பதிப்பில் ஓட்டுபவர் பூட்டு உடைந்த ஆவண அறையில் கோப்பு வைத்திருப்பவர்.

பூட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2024 நடுவில் ஜியோசர்வரில் ஒரு பெரும் ஓட்டை வெளியில் தெரிந்தது. வரைபடம் கேட்கும் கோரிக்கைக்குள்ளேயே கட்டளையை ஒளித்து அனுப்பி, கடவுச்சொல் எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் அந்தச் சர்வரைத் தன் வசமாக்கலாம். திருத்திய பதிப்பு உடனே கிடைத்தது. ஆனாலும் அதே ஜூலை மாதத்தில் அமெரிக்க மத்திய அரசின் ஓர் அமைப்புக்குள் இந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள், மூன்று வாரம் உள்ளேயே இருந்தார்கள். அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமையே 2025-இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. அமெரிக்காவுக்கே இந்தக் கதி. எனவே திருத்தம் போடாதே என்று எவன் சொல்வான்?

கணினிக்கு முந்தைய பாடமும் உண்டு. நெப்போலியன் காலத்தில் 1807-இல் பிரான்சில் கதாஸ்தர் சட்டம் வந்தது. நாடு முழுவதும் மனை மனையாக அளந்து படம் போட்டார்கள், உலகமே வியந்தது. ஆனால் அந்தப் படத்தை அவ்வப்போது திருத்த வழி வைக்கவில்லை. உரிமையாளர் பெயர் ஏட்டில் மாறிக்கொண்டே வந்தது, படம் மட்டும் அப்படியே நின்றது. நிலம் பாகப்பிரிவினை ஆனது, பாதை வந்தது, வாய்க்கால் நகர்ந்தது, படத்தில் எதுவும் இல்லை. புதுப்பிக்கச் சட்டம் வந்தது 1930-இல். நூற்றிருபது வருடம் தாண்டி! நாளோடு சேராத பதிவேடு செத்த பதிவேடு என்பதை அந்த மண்ணே ஒப்புக்கொண்டது.

ஆகவே மாற்ற வேண்டும். என் வழக்கு மாற்றும் முறையைப் பற்றியது. இன்று நடப்பது என்ன? வெள்ளிக்கிழமை ராத்திரி ஒப்பந்தக்காரர் வீட்டுப் பையன்கள் இருவர் உட்கார்ந்து பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுகிறார்கள். முகப்புப் பக்கம் திறந்தால் வேலை முடிந்தது என்று கையெழுத்து. கவுண்டர் எழுத்தரைக் கேட்பதில்லை, சர்வேயரைக் கேட்பதில்லை, வரிசையில் நிற்பவரைக் கேட்பது என்ற பேச்சே இல்லை.

முகப்புத் திறந்தால் போதும் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வேலையில் ஆபத்தான தவறுகள் சத்தம் போடுவதில்லை. திரை சிவப்பாகி எச்சரிக்கை வந்தால் யாராவது கவனிப்பார்கள். தவறான பதில் அமைதியாக, அழகாக, புது வண்ணத்தில் வருமே, அதுதான் ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டு. நம் புதுச்சேரி ஏறத்தாழ 11.93 பாகை வட அட்சம், 79.83 பாகை கிழக்குத் தீர்க்கம். வரைபடச் சேவைக்கான பன்னாட்டு நெறியின் 1.1.1 பதிப்பில் தீர்க்கத்தை முதலில் எழுதினார்கள். 1.3.0 பதிப்பில், நாம் அதிகம் பயன்படுத்தும் அட்ச-தீர்க்க முறைக்கு, அட்சத்தை முதலில் எழுத வேண்டும் என்று வரிசையை மாற்றினார்கள். 2019-இல் வந்த ஜிடால் மென்பொருளின் 3-ஆம் பதிப்பும் இந்த வரிசை விஷயத்தில் பழைய பழக்கத்தை மாற்றியது. ஒரு பக்கம் புதுப் பதிப்பு, மறுபக்கம் பழையது என்று இருந்தால் இரண்டு எண்களும் இடம் மாறிக்கொள்ளும். 79.83 வடக்கு, 11.93 கிழக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளின் ஓரத்தில், பனிக்கரடி உலவும் இடத்தில். ஏனாம் இன்னும் மேலே போய்ப் பனிக்கடலில் விழும். சிரிக்கிறீர்கள். இது பெரிய தவறு, அதனால் கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத சிறிய தவறு ஒன்று கேளுங்கள். நம் நாட்டின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவைக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். இன்னொரு கோளத்தை, டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐ, அடிப்படையாகக் கொண்டது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கணக்கைச் செய்யாமல் விட்டால், நம் பகுதியில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். இந்த மாற்றுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் புரோஜ் என்ற மென்பொருள் தன் 6-ஆம் பதிப்பில், 2019-இல், அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றியது. நல்ல மாற்றம்தான், துல்லியம் கூடியது. ஆனால் பழைய அமைப்பை அப்படியே விட்டுப் புதுப் பதிப்பை ஏற்றினால்? வெளியூரில் நூறு மீட்டர் தள்ளினால் பக்கத்து வயல். நம் ஊரில்? பாகூரும் நெட்டப்பாக்கமும் தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் பூமி. இங்கே நூறு மீட்டர் தள்ளினால் மாநிலமே மாறிவிடும். சட்டம் வேறு, பத்திரச் செலவு வேறு, நீதிமன்றம் வேறு. திரையில் மட்டும் எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும்.

இன்னொன்று அகராதி. பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பதிவேடு வேறு, பெயர் அகராதி வேறு. பதிவேட்டில் இருந்தும் அகராதியில் தப்பான இடத்தில் எழுதியிருந்தால், அந்த ஆள் இல்லாதவர்தான். டேட்டாபேஸிலும் அப்படியே. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதி பல சர்வர்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு பகுதியான கிளிப்சி என்பதிலிருந்து வருகிறது. 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பு அடுக்கும் வரிசையை மாற்றியது. தரையை மட்டும் மாற்றி, மேலே இருந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-இன் அகராதியைப் புதிதாகக் கட்டாமல் விட்டவர்களுக்கு, இருக்கும் ஆவணத்தைத் தேடினால் 'இல்லை' என்ற பதில் வரும் நிலை உண்டானது. அகராதியை மறுபடி கட்டு என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீரும் விஷயம். தெரியாதவன் கையில் அது ஒரு குடும்பத்தின் சொத்துப் பிரச்சினை.

எழுத்துரு தொல்லையையும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பெயர்களைப் பழைய டேப் எழுத்துருவில் அடித்து வைத்த காலம் உண்டு, பிறகு யூனிகோடுக்கு வந்தோம். மாற்றும்போது கொம்பு முன்னால் வரும், கால் காணாமல் போகும். புதுவையில் கூடுதலாகப் பிரெஞ்சுப் பெயர்கள். 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆன குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள், அங்கிருந்து பென்ஷன் வாங்குபவர்கள் இங்கே இருக்கிறார்கள். ரெனே என்ற பெயரில் கடைசி எழுத்தின் மேல் ஒரு கீற்று, பிரான்சுவா என்ற பெயரில் ஓர் எழுத்தின் கீழ் ஒரு வால். குறியீட்டு முறை மாறும்போது கவனிக்காவிட்டால் அந்த ஓர் எழுத்து இரண்டு விசித்திரக் குறிகளாக உடைந்துவிடும். பத்திரத்தில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர். கான்சுலேட்டிலோ நொத்தேரிடமோ அந்த நகலைக் கொண்டுபோய் நீட்டினால், இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியது கிழவன் தலையில்.

இதையெல்லாம் நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எண்பது தாண்டிய அம்மா ஒருவர். கணவர் விட்டுப் போன சின்ன மனை, பத்திரத்தில் பழைய கதாஸ்தர் எண்தான் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் புதுப் பதிப்பு ஏற்றியபோது பழைய எண்ணால் தேடும் கட்டத்தையே திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புது எண் தெரிந்தால்தான் தேடலாம், தேடினால்தான் புது எண் தெரியும். மூன்று முறை ஆட்டோ வைத்துக்கொண்டு போனார். மூன்று முறையும் "சிஸ்டத்துல இல்லம்மா" என்ற பதில். நான்காம் முறை நான் கூடப் போனேன். வயதான ஓர் ஊழியர் உள்ளே போய்ப் பழைய ஏட்டைத் தூசி தட்டி எடுத்தார். பத்து நிமிடத்தில் கிடைத்தது. அந்த ஏட்டையும் 'ஸ்கேன் செய்து முடித்ததும்' அப்புறப்படுத்தப் போவதாகப் பேச்சு இருக்கிறது. அந்த ஊழியரும் ஓய்வு பெறப் போகிறார். ஐந்தாவது அம்மா வரும்போது யார் தூசி தட்டுவார்?

நம் முன்னோர் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். மறு அளவை வந்து எல்லா மனைக்கும் புது எண் கொடுத்தபோது பழைய கதாஸ்தர் எண்ணை யாரும் அழிக்கவில்லை. இன்றும் புதுவைப் பத்திரங்களில் ரீசர்வே எண்ணும் கதாஸ்தர் எண்ணும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. பரப்பை ஹெக்டேர், ஆர், சென்டியாரில் எழுதி, பக்கத்திலேயே குழிக் கணக்கையும் எழுதுவார்கள். புதியது வந்தது, பழையது வழிகாட்டியாகக் கூடவே நின்றது. மை தொட்டு எழுதியவர்களுக்குத் தெரிந்த இந்தச் சின்ன மரியாதை, சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது 'ஹோஸ்டிங்' என்ற வாடகை வீட்டுக்கு வருவோம். சர்வரை நாமே வைத்துக்கொள்ளும் காலம் போய், யாரோ ஒருவர் கட்டிய வீட்டில் ஒரு போர்ஷன் எடுத்துக்கொள்ளும் காலம் இது. அதில் வசதி உண்டு, மின்சாரம், காவல், மராமத்து எல்லாம் அவர் பாடு. ஆனால் வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டும் நாளை அவர்தான் தீர்மானிப்பார். கூகுள் நிறுவனம் ஃப்யூஷன் டேபிள்ஸ் என்று ஒன்றை 2009-இல் திறந்தது. அட்டவணையை ஏற்றினால் வரைபடமாக்கித் தரும், இலவசம். எத்தனையோ பத்திரிகைகளும் தொண்டு அமைப்புகளும் அதை நம்பி வரைபடம் போட்டன. 2019 டிசம்பர் 3-இல் மூடிவிட்டார்கள். அதே நிறுவனம் 2018 ஜூலையில் தன் வரைபடச் சேவையின் கட்டண முறையை மாற்றியது. கட்டணக் கணக்குத் திறக்காத தளங்களில் படம் கருத்துப்போய், மேலே எச்சரிக்கை எழுத்து ஓடியது. அமேசானின் வாடகை டேட்டாபேஸ் சேவையில், ஆயுள் முடிந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பதிப்பில் தொடர்ந்து இருக்க விரும்பினால் 2024 முதல் கூடுதல் கட்டணம். வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: ஃப்யூஷன் டேபிள்ஸை மூட ஒரு வருடம் முன்பே சொன்னார்கள். காசு வாங்காத சேவைக்கு ஒரு வருட அறிவிப்பு. நம் வரிப்பணத்தில் ஓடும் சேவைக்கு ஒரு ராத்திரி அறிவிப்புகூட இல்லை.

பிரான்சின் தேசிய நிலப்பட நிறுவனமான ஐ.ஜி.என். 2006-இல் ஜியோபோர்த்தாய் என்ற வரைபடத் தளத்தைத் திறந்தது. 2023-24-இல் அதன் பழைய சேவை முகவரிகளிலிருந்து ஜியோபிளாட்ஃபோர்ம் என்ற புதிய அமைப்புக்கு மாறியபோது, புதியதைத் திறந்து, பழையதையும் சில மாதங்கள் ஓடவிட்டு, அதன்பிறகே மூடினார்கள். அங்கேயும் முணுமுணுப்பு இருந்திருக்கும், பிரெஞ்சுக்காரன் முணுமுணுக்காத நாள் ஏது? ஆனால் முறை சரி.

"பேக்கப் இருக்கிறதே, பயப்படாதீர்கள்" என்பார்கள். பேக்கப் பற்றியும் ஒரு கதை. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில், களைத்துப்போன ஓர் ஊழியர் தவறான சர்வரில் கட்டளை அடித்து மூல டேட்டாபேஸை அழித்துவிட்டார். சரி, பேக்கப் எடு என்று போனால் அந்த அறையில் ஒன்றுமில்லை. காரணம் கேளுங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 9.6 பதிப்பு, நகல் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி புதிய டேட்டாபேஸை நகல் எடுக்க மறுத்து, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாக அனுப்பிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. கடைசியில், சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். அந்த நிறுவனத்தை நான் இகழவில்லை. மீட்கும் வேலையை உலகம் பார்க்க நேரலையில் செய்தார்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். நம் அலுவலகம் எதிலாவது இப்படி ஓர் அறிக்கை வந்து யாராவது படித்திருக்கிறீர்களா?

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்ல. "பாதுகாப்புத் திருத்தம் காத்திருக்குமா? முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்தால் அதற்குள் திருடன் வரமாட்டானா?" நியாயமான கேள்வி. ஆனால் சிறு திருத்தம் வேறு, பெரும் பதிப்பு மாற்றம் வேறு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-இல் 3 மாதத்துக்கு ஒருமுறை சிறு திருத்தம் வரும். ஏற்றி, ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் போதும், தரவின் அமைப்பு மாறாது. அதை அன்றைக்கே செய்யுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். பூட்டை மாற்றுவதற்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை. பெரும் பதிப்பு மாற்றம் என்பது ஆவண அறையையே வேறு கட்டடத்துக்கு மாற்றுவது. அதற்கு முறை வேண்டும். பழைய கட்டடத்தின் ஆயுள் எப்போது முடியும் என்று ஐந்து வருடம் முன்பே தெரியுமே, அவசரம் எங்கிருந்து வந்தது?

"ஆள் இல்லை, பணம் இல்லை" என்பது அடுத்தது. புது லோகோ போட, திறப்பு விழா நடத்தப் பணம் இருக்கிறது. கவுண்டர் எழுத்தர் நால்வரை இரண்டு நாள் உட்கார்த்திப் பழைய திரையையும் புதிய திரையையும் ஒப்பிடச் சொல்ல என்ன செலவாகும்?

சார்ஜ் ஒப்படைக்கும் முறை நமக்குத் தெரியும். போகிறவர் பட்டியல் எழுதுவார், வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், இருவரும் கையெழுத்திடுவார்கள். ஒரு மேசை டிராயர் சாவிக்கும் கையெழுத்து உண்டு. ஒரு மாநிலத்தின் மொத்த நிலப் பதிவேடும் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும்போது மட்டும் கையெழுத்து கிடையாதா? ஒப்பந்தப் புள்ளி கேட்கும்போதே கீழ்க்கண்டவற்றை எழுதிவிட வேண்டும் என்கிறேன்.

ஒன்று, முன்னறிவிப்பு. பெரும் மாற்றத்துக்கு 30 நாள் முன்பு, இணையத்தில் மட்டுமல்ல, அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். மாஹேயில் மலையாளத்தில், ஏனாமில் தெலுங்கில்.

இரண்டு, ஒத்திகை. உண்மையான தரவின் நகலை வேறொரு சர்வரில் ஏற்றி, தெரிந்த நூறு மனைகளைக் கவுண்டர்காரரும் சர்வேயரும் தேடிப் பார்க்க வேண்டும். எல்லையோரக் கிராமம், பிரெஞ்சுப் பெயர், பழைய எண், பாகம் பிரிந்த மனை ஆகியவை அந்த நூறில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று, கூட்டல். பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கக் கூட்டுத்தொகை புதிய பதிவேட்டின் முதல் பக்கத்தில் அப்படியே வர வேண்டும். கிராமம் வாரியாக எத்தனை உட்பிரிவு, மொத்தப் பரப்பு எத்தனை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ணி ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். ஒரு சென்டியார், அதாவது ஒரு சதுர மீட்டர், குறைந்தாலும் காரணம் எழுத வேண்டும்.

நான்கு, இணையோட்டம். பழையது 3 மாதமாவது பார்வைக்கு மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை உள்ள பழைய மென்பொருளை ஊருக்குத் திறந்து வைக்க வேண்டாம், அலுவலகத்துக்குள் ஒரு கணினியில் இருந்தால் போதும். அந்த அம்மா வரும்போது பார்த்துச் சொல்லத்தானே.

ஐந்து, பழைய எண்ணும் பழைய லிங்க்கும் சாகக் கூடாது. பத்திரத்தில் அச்சாகிவிட்ட முகவரியைத் திறந்தால் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆறு, பேக்கப் எடுத்ததற்குச் சான்று வேண்டாம், பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்ததற்குச் சான்று வேண்டும்.

ஏழு, எந்தத் தேதியில் எந்த மென்பொருள் எந்தப் பதிப்புக்கு மாறியது, என்ன பழுதானது, எப்போது சரியானது என்று அலுவலகத்தில் ஒரு பதிவேடு. தணிக்கைக்கு வருபவர் அதையும் புரட்டிப் பார்க்கட்டும்.

இதில் ராக்கெட் விடும் வேலை எதுவும் இல்லை. எழுத்தர் வேலைதான் முழுவதும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இன்று தளம் திறக்கும்போதே உங்கள் மனையின் பதிவையும் வரைபடத்தையும் அச்செடுத்து, தேதி எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். புது எண்ணையும் பழைய எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கவுண்டரில் "சிஸ்டத்தில் இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று கேள்வி போதும்: கடைசியாக எந்தத் தேதியில் பதிப்பை மாற்றினீர்கள்? மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எங்கள் கிராமத்தில் பதிவுகளின் எண்ணிக்கை என்ன? சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் எந்தப் பதவியில் இருக்கிறார்?

இந்த மூன்று கேள்விகளை என் கிராமத்துக்காக நான் எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் கிராமத்துக்கு ஒன்று எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினால் அடுத்த முறை அந்த இரண்டு வரி அறிவிப்பை ஒட்டுமுன் யாராவது ஒருவர் எண்ணிப் பார்ப்பார்.